அரை நொடி மின்வெட்டை யார் எழுதி வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்பூங்காக்களின் உள்கட்டமைப்பு பற்றிச் சமீபத்தில் உங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். அகலமான சாலை, தனித் துணை மின்நிலையம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், பொது வசதி மையம் என்று எல்லாமே இருந்தது. படங்களும் நன்றாக வந்திருந்தன. எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் முழுக்க என்ன கட்டினார்கள் என்பதுதான். கட்டியது எப்படி ஓடுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தாலும் யாரும் கொடுத்திருக்க முடியாது. அப்படி ஒரு பதிவையே பெரும்பாலான இடங்களில் யாரும் வைத்திருப்பதில்லை.

நான் ஒரு தொழிற்பூங்காவில் சிறியதாக ஒரு மெஷினிங் யூனிட் நடத்துகிறேன். பம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிற ஷாப்ட், புஷ், ஹவுசிங் போன்ற வேலைகள். சில சிஎன்சி (கணினி இயக்கும்) லேத், ஒரு மில்லிங், ஒரு கிரைண்டிங், அவ்வளவுதான். பூங்காவின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். சொன்னால் நாளைக்கே யாராவது வந்து நாலு தெருவிளக்குக்கு பல்பு மாற்றிவிட்டுப் போவார்கள், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எந்தப் பூங்காவில் இருப்பவர் படித்தாலும் இது தன் இடத்தைப் பற்றித்தான் என்று நினைப்பார் என்பது என் கணிப்பு.

முதலில் மின்சாரம். எங்கள் நிர்வாகத்திடம் கேட்டால் மாதத்துக்கு இத்தனை மணி நேரம்தான் தடை என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். என் வேலையைக் கெடுப்பது அந்தக் கணக்கில் வராத தடை. விளக்கு ஒரு தடவை மங்கி, மறுபடி எரியும். அலுவலக அறையில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அதே நேரத்தில் ஷெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

லேத்தில் ஒரு நீளமான ஷாப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. பேரிங் உட்காரும் இடத்தில் கடைசிப் பூச்சு வெட்டு. அந்த இடத்துக்கு அனுமதித்த வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, சில ஜாபில் அதற்கும் கீழே. அந்த நேரம் பார்த்து மின்னழுத்தம் அரை நொடி சரிகிறது. மோட்டாரை இயக்கும் டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 'அண்டர்வோல்டேஜ்' என்று அலாரம் காட்டி நின்றுவிடும். ஜாபைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிற்கும்போது டூல் இன்னும் இரும்புக்குள் இருக்கிறது. டூலில் வெட்டும் துண்டான இன்சர்ட்டின் முனை சில்லு பெயர்ந்து போகும். ஷாப்ட்டில் சுற்றிலும் ஒரு கோடு விழும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் பேரிங் உட்காரும் இடத்தில் அந்தக் கோட்டை யாரும் ஏற்க மாட்டார்கள். அது வரை அந்த ஜாப்புக்குக் கொடுத்த அறுப்பு, ரஃப் டர்னிங், ஹீட் ட்ரீட்மென்ட், எல்லாச் செலவும் போச்சு. அப்புறம் ஆபரேட்டர் அலாரத்தை ரீசெட் செய்து, டூலைக் கையால் மெதுவாகப் பின்வாங்கி, டூல்களைப் பிடித்திருக்கும் டரெட் அசைந்திருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்து, புது இன்சர்ட் போட்டு, ஆஃப்செட் சரிசெய்து, முதல் ஜாபை அளந்து பார்த்து ஓட்டத் தொடங்க வேண்டும். அரை நொடிக்கு விலை அரை மணிக்கும் மேல்.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்திருக்கிறேன். அது கிளம்பி லோடு எடுப்பதற்கே பத்து நொடி பிடிக்கும். அரை நொடியில் எல்லாம் நடந்து முடிந்த பிறகு அது வந்து யாருக்கு என்ன பயன்?

இது ஏன் நடக்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு துணை மின்நிலையத்திலிருந்து பல ஃபீடர்கள், அதாவது விநியோகக் கம்பித் தடங்கள், கிளம்புகின்றன. தொலைவில் எங்கோ ஒரு ஃபீடரில் மரக்கிளை கம்பியில் உரசினாலோ, அணில் இன்சுலேட்டரில் ஏறினாலோ அந்த இடத்தில் பெரிய மின்னோட்டம் பாயும். அந்த ஃபீடரின் பிரேக்கர் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை, அதே மின்நிலையத்தில் தொங்கும் மற்ற ஃபீடர்கள் எல்லாவற்றிலும் மின்னழுத்தம் சரியும். மேல்நிலைக் கம்பிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி தற்காலிகமானவைதான். அதனால்தான் பிரேக்கர் விழுந்த சிறிது நேரத்தில் தானாகவே மறுபடி இணைக்கும்படி வைத்திருக்கிறார்கள். விநியோகம் செய்பவர் பார்வையில் இது நல்ல ஏற்பாடு: ஆள் போகாமலேயே கோளாறு சரியாகிவிட்டது. எங்கள் பார்வையில், கோளாறு நீங்காமல் பிரேக்கர் திரும்பத் திரும்ப இணைத்துப் பார்த்தால், ஒரே கிளை எங்களை இரண்டு மூன்று முறை அடிக்கிறது.

மின் விநியோகத்தின் நம்பகத்தன்மையை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பின் 1366 தரநிலை, 5 நிமிடத்துக்கு மேல் போவதை மட்டுமே நீடித்த தடை என்கிறது. சுருக்கமான தடைகளுக்குத் தனியாக ஒரு குறியீடு அதிலேயே இருக்கிறது, ஆனால் அதை மெனக்கெட்டு எடுப்பவர்கள் குறைவு. மின்னழுத்தச் சரிவோ முழுத் தடை என்ற வகையிலேயே சேராது. ஆக, என் ஷாப்ட்டைக் கெடுத்த நிகழ்வு எந்த ஏட்டிலும் நடக்கவே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. செமிகண்டக்டர் தொழிலில் இந்தத் தலைவலி முன்பே வந்ததால் அவர்கள் செமி எஃப்47 என்று ஒரு தரநிலையே வைத்துக்கொண்டார்கள். மின்னழுத்தம் 50 சதவீதத்துக்கு இறங்கினாலும் 0.2 நொடி வரை, 70 சதவீதத்துக்கு இறங்கினால் 0.5 நொடி வரை, 80 சதவீதத்துக்கு இறங்கினால் 1 நொடி வரை இயந்திரம் நிற்காமல் தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்களைப் போன்றவர்களும் இயந்திரம் வாங்கும்போது இதைக் கேட்கலாம். கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் போட்டால் இயந்திரத்துக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டர் விழுவதையாவது தடுக்கலாம். அது எங்கள் வேலை, நாங்கள் செய்துகொள்கிறோம். ஆனால் பூங்காவின் துணை மின்நிலையத்தில் ஒரு பவர் குவாலிட்டி மீட்டரை மாட்டி, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை சதவீதத்துக்கு, எத்தனை மில்லி நொடி மின்னழுத்தம் சரிந்தது என்று எடுத்து வைப்பது எங்கள் கையில் இல்லை. அந்தப் பட்டியல் இருந்தால் எந்த ஃபீடரின் ஓரத்தில் மரம் வெட்ட வேண்டும், எங்கே மேல்நிலைக் கம்பியை எடுத்துவிட்டுப் புதைகேபிள் போட வேண்டும் என்று ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும். இல்லாதவரை கூட்டத்துக்குக் கூட்டம் நாங்கள் "கரண்ட் சரியில்லை" என்போம், அவர்கள் "எங்கள் கணக்கில் இல்லையே" என்பார்கள். இரண்டு பேருமே உண்மைதான் பேசுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அடி ஒரே மாதிரி இல்லை. பக்கத்துத் தெருவில் இண்டக்ஷன் ஃபர்னஸ் வைத்து வார்ப்பு செய்பவருக்கு அரை நொடி ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு இரண்டு மணி நேரம் போனால்தான் ஆபத்து, உருகிய உலோகம் உலைக்குள்ளேயே உறைந்துவிடும். எதிரில் பிளாஸ்டிக் மோல்டிங் செய்பவருக்கு அரை நொடியில் சைக்கிள் அறுந்து, அரைகுறைப் பொருள் அச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே "இத்தனை மணி நேரம் தடை" என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பூங்காவின் மின்சாரத்தை நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை.

சாலையைப் பற்றி நீட்ட வேண்டாம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலை போட்டு, அதில் லாரிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அச்சின் மேல் எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று தெரியவந்தது. இரும்புக் கம்பி, காயில், வார்ப்பு எல்லாம் ஏற்றி வரும் பூங்காவில் குடியிருப்புச் சாலைக்குப் போடும் கனத்தில் தார் போட்டால் எத்தனை நாள் நிற்கும்? போட்ட பிறகும் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு துறை வெட்டும், கேபிளுக்கு இன்னொரு துறை வெட்டும். வெட்டியவர் மண்ணைச் சரியாகத் திமிசு போடாமல் மேலே மெல்லியதாக மூடிவிட்டுப் போவார். வெட்ட அனுமதி கொடுத்த தேதிக்கு ரசீது இருக்கும். மூடியதைச் சோதித்த தேதிக்கு எதுவும் இருக்காது. 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் திரும்ப முடியாத முனைகள், லாரி நிறுத்த இடமில்லாமல் தெருவோரத்திலேயே தூங்கும் டிரைவர்கள், அவர்களுக்குக் குளிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ வசதி இல்லாதது, இதெல்லாம் வரைபடம் போடும்போதே தீர்த்திருக்க வேண்டியவை.

வடிகாலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பண நஷ்டத்தோடு உயிராபத்தும் சேர்கிறது.

ஒரு தொழிற்பூங்காவில் குறைந்தது இரண்டு தண்ணீர்ப் பாதைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். மழைநீர் ஒரு பக்கம், ஆலைக் கழிவு ஒரு பக்கம். முலாம் பூசும் பட்டறைகள் இருந்தால் இரண்டும் போதாது. குரோமியம் முலாம் கழிவில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வடிவம் இருக்கும். அதற்கு முதலில் அமிலம் சேர்த்து பிஹெச் அளவை (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை) 2, 3 பக்கம் இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு நச்சு குறைந்த வடிவுக்கு மாற்றி, பிறகு சுண்ணாம்பு போட்டுப் படியவைக்க வேண்டும். துத்தநாகம், செம்பு முலாம் பூசும் சில இடங்களில் சயனைடு குளியல் இருக்கும். அந்தக் கழிவை நேர்மாறாக, பிஹெச் 10-க்கு மேல் காரமாக வைத்துத்தான் குளோரின் கொண்டு சிதைக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்தால் அமிலமும் சயனைடும் சந்தித்து ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். மேன்ஹோலுக்குள் இறங்கும் ஆளுக்கு அது எமன். பட்டறைக்காரர் தன்னிடத்திலேயே தனித்தனியாக முதல்கட்டச் சுத்திகரிப்பு செய்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தனித்தனிக் குழாயோ டேங்கரோ வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்களை வைத்துத்தான் கழிவைச் செரிக்க விடுகிறார்கள். குரோமியமும் செம்பும் ஒரு முறை அளவு மீறி உள்ளே போனால் அந்த நுண்ணுயிர்கள் செத்துப்போய், மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் நிலையம் ஓடுவதுபோலத்தான் இருக்கும். மோட்டார் சுற்றும், காற்று குமிழியிடும், தண்ணீர் மட்டும் வந்தபடியே வெளியே போகும்.

எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாயில் மழையே இல்லாத நாளில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தண்ணீர் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். யார் விட்டது என்று எனக்குத் தெரியாது, ஊகித்து எழுதவும் மாட்டேன். புகார் கொடுத்தேன். மாதிரி எடுக்க ஆள் வந்தபோது கால்வாய் காய்ந்திருந்தது. கால்வாய்கள் சேரும் இடங்களில் பிஹெச்சையும் மின் கடத்துதிறனையும் தொடர்ந்து அளக்கும் சென்சார்களை வைத்துவிட்டால் எந்தத் தெருவிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்துவிடலாம். அது விண்கலத் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலும் இருப்பதுதான்.

தீயைப் பற்றிப் பேசும்போதும் வடிகால்தான் வருகிறது. 1986 நவம்பர் 1 அன்று அதிகாலை சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் ஷ்வைட்சர்ஹல்லே என்ற இடத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிக்கொல்லிகளை அள்ளிக்கொண்டு ரைன் நதிக்குள் போனது. நதி சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தீயணைத்த தண்ணீரைத் தேக்கி வைக்கத் தொட்டி இல்லாததுதான் அங்கே பெரிய ஓட்டை. இன்று ஒரு பூங்காவில் தீப்பிடித்தால் அடிக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று நிர்வாகத்தைக் கேட்டுப் பாருங்கள். மழைநீர்க் கால்வாய், அங்கிருந்து ஏரியோ ஆறோ. அந்தக் கால்வாயின் கடைசியில் மூடக்கூடிய ஒரு ஷட்டர் இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை பூங்காவுக்குள்ளேயே நிற்கும். ஷட்டர் இருக்கும் இடங்களிலும் அதைக் கடைசியாக எப்போது இறக்கி ஏற்றிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். தீயணைப்புத் தண்ணீர்க் குழாயான ஹைட்ரண்டும் அப்படித்தான். சிவப்புப் பெயின்ட் புதிதாக இருக்கும். பூங்காவின் கடைக்கோடி ஹைட்ரண்டில் கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்த தேதி எங்கே எழுதியிருக்கிறது?

வெள்ளம் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் நனைந்ததை எல்லாரும் பார்த்தோம். 2011-ல் தாய்லாந்தில் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. கார் கம்பெனிகள் வேறு நாடுகளில்கூட உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அங்கே பேட்டைகளைச் சுற்றிக் கரை எழுப்பினார்கள். கரை கட்டுவது பெரிய காரியம். எங்கள் இடத்தில் நான் கேட்பது அதைவிடச் சிறியது. மழைக்கு முன் கால்வாய் தூர்வாரினோம் என்கிறீர்களே, எந்தக் கால்வாயை, எங்கிருந்து எங்கு வரை, எடுத்த சகதியை எங்கே கொட்டினீர்கள் என்று ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள். கரையோரத்திலேயே குவித்து வைத்த சகதி முதல் மழையிலேயே உள்ளே இறங்குவதைப் பார்த்துச் சலித்துவிட்டது.

அடுத்தது பொது வசதி மையம். சிறு யூனிட்டுகளால் தனியாக வாங்க முடியாத கருவிகளைப் பொதுவில் வைப்பது அருமையான யோசனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எங்கள் மையத்திலும் முப்பரிமாண அளவுக் கருவி ஒன்று இருக்கிறது. நல்ல கருவி. அது இருக்கும் அறையின் ஏசி பழுதாகி வெகுகாலம் அப்படியே கிடந்தது. ஏசி இல்லாவிட்டால் என்ன, கருவி வேலை செய்கிறதே என்றார் அங்கிருந்தவர். நீளத்தை அளக்க 20 டிகிரி செல்சியஸ் என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐஎஸ்ஓ வரிசையில் முதல் எண் கொண்ட தரநிலையே அதுதான். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். 100 மில்லிமீட்டர் ஜாப் 30 டிகிரி அறையில் 11 மைக்ரானுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். கருவி அதைச் சரிக்கட்டிக் காட்டும் என்பார்கள், ஆனால் கருவியும் ஜாபும் அறையும் ஒரே வெப்பநிலையில் நிலைத்திருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். வாடிக்கையாளர் தன் ஏசி அறையில் அளந்து, "உங்கள் ரிப்போர்ட்டும் எங்கள் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை" என்று ஜாபைத் திருப்பி அனுப்பினால் நான் யாரிடம் போய் வெப்பவியல் பாடம் நடத்துவது? இப்போது கூடுதல் காசு கொடுத்து வெளியே ஒரு லேப்பில்தான் அளக்கிறேன். மையத்தின் கருவி பட்டியலில் மட்டும் இருக்கிறது, பார்வையாளர்கள் வந்தால் காட்டுகிறார்கள்.

மனிதர்களுக்கான சேவைகளும் இதே கதைதான். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களுக்குப் பிரதான சாலை வரை நடக்க விளக்கு வேண்டும், அங்கிருந்து ஏறப் பஸ் வேண்டும். பஸ் நிறுத்தம் இருக்கிறது, ஷிப்ட் விடும் நேரத்துக்குப் பஸ் இல்லை. மனை எண்களை இட வரிசையில் போடாமல் ஒதுக்கீடு செய்த வரிசையில் போட்டு வைத்திருப்பதால் 40-க்குப் பக்கத்தில் 117 இருக்கும். பக்கத்து ஷெட்டில் ஒருவருக்குக் கை மாட்டியபோது வந்த ஆம்புலன்ஸ் மூன்று தெரு தள்ளி நின்றுகொண்டு போனில் வழி கேட்டது. எங்கள் ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க் கூட்டிவந்தார். தெரு முனைகளில் எண் பலகை வைக்க எத்தனை துறையின் அனுமதி வேண்டும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதெல்லாம் ஏன் இப்படி என்றால், என் அனுபவத்தில் காரணம் ஒன்றுதான். பூங்காவைத் தொடங்குவதற்குப் பணம் தனியாக வருகிறது. அது செலவானதற்கு அறிக்கை, படம், தணிக்கை எல்லாம் உண்டு. ஓட்டுவதற்கான பணம் எங்களிடமிருந்து பராமரிப்புக் கட்டணமாகப் போகிறது. அதற்கு ரசீது மட்டும் வருகிறது. சாலை ஒருவர், விளக்கு ஒருவர், மின்சாரம் ஒருவர், குப்பை உள்ளாட்சி, கழிவுநீர் தனிக் குழு. ஒவ்வொருவரிடமும் மற்றவரைக் காட்டும் விரல் இருக்கிறது. உள்ளாட்சிக்கு வரியும் கட்டுகிறோம், நிர்வாகத்துக்குக் கட்டணமும் கட்டுகிறோம், கடைசியில் குழியில் ஜல்லி கொட்டுவது சங்கத்தில் வசூல் செய்த காசில்.

திட்டமிட்டு அமைத்த முதல் தொழிற்பேட்டை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே 1896-ல் தொடங்கிய டிராஃபோர்டு பார்க். கப்பல் கால்வாயை ஒட்டி, உள்ளேயே ரயில் பாதை போட்டு அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஏறக்குறைய 75,000 பேர் வேலை செய்தார்கள். பின்னால் தொழில்கள் நலிந்து, சாலையும் கட்டடமும் பழசாகி, 1987-ல் அதை மீட்டெடுக்கவே தனியாக ஒரு வளர்ச்சிக் கழகம் அமைக்க வேண்டியதாயிற்று. நம் கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் வந்தது, அம்பத்தூர் அதற்குப் பின் 1960-களில். அறுபது வருஷம் ஓடப்போகும் ஒன்றுக்குத் திறப்பு விழா வருஷத்துக்கு மட்டும் கணக்கு வைத்திருப்பது எந்தத் தொழில்முறையிலும் சேராது. என் ஷெட்டில் ஒரு கிரைண்டிங் மெஷினுக்குக்கூட எப்போது ஆயில் மாற்றினோம் என்று அட்டை தொங்குகிறது.

நான் கேட்பது புதுமையும் இல்லை. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு, உலக வங்கிக் குழுமம், ஜெர்மனியின் வளர்ச்சி ஒத்துழைப்பு நிறுவனமான ஜிஐஇசட் மூன்றும் சேர்ந்து சுற்றுச்சூழல்சார் தொழிற்பூங்காக்களுக்கு ஒரு சர்வதேசக் கட்டமைப்பை 2017-ல் வெளியிட்டன. 2021-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். பூங்காவுக்கு என்று தனி நிர்வாக அமைப்பு இருக்க வேண்டும், அது சேவைகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. டென்மார்க்கின் கலுண்ட்போர்க்கில் மின்நிலையத்து நீராவி மருந்து ஆலைக்கும், புகைக்கூண்டில் கிடைத்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலைக்கும் போனது என்று எல்லாக் கருத்தரங்கிலும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அது ஒரே நாளில் யாரோ வரைந்த திட்டம் இல்லை. 1960-கள், 70-களிலிருந்து பக்கத்துப் பக்கத்து ஆலைகள் ஒன்றின் நீர், வெப்பம், கழிவு எவ்வளவு என்று இன்னொன்றுக்குச் சொல்லி, ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் சேர்த்தது. எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று அளந்து சொல்லாத இடத்தில் அந்தப் படத்தைக் காட்டிப் பயன் இல்லை.

எங்கள் நிர்வாகத்திடம் சங்கத்தின் மூலம் ஒரு கோரிக்கை கொடுத்திருக்கிறோம். மாதம் ஒரு தாள். அதில் மின்னழுத்தச் சரிவுகளின் பட்டியல், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்த நீர், வெளியே போன நீர் இரண்டின் சோதனை முடிவு, ஹைட்ரண்ட் அழுத்தம் பார்த்த தேதி, தூர்வாரிய கால்வாயின் பெயர், பராமரிப்புக் கட்டணத்தில் வந்ததும் செலவானதும். அந்தத் தாளில் நிர்வாகத்தின் கையெழுத்தோடு மனை வைத்திருப்பவர்களில் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அந்த இரண்டில் ஒன்று முலாம் பட்டறை வைத்திருப்பவராக இருக்கட்டும் என்பது என் சொந்த யோசனை. கழிவுநீர்க் கூட்டத்தில் அவரைக் குற்றவாளிபோல் உட்கார வைத்துப் பேசுவதைவிட, குழாயின் நெளிவு சுளிவு தெரிந்த அவரையே அளக்க வைப்பது வேலைக்கு ஆகும். சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

பதில் வந்தது. "நிதி ஒதுக்கீடு வந்ததும் பரிசீலிக்கப்படும்." ஒரு மீட்டரும் ஒரு தாளும் கேட்டதற்கு இது. புதிய விரிவாக்கத்துக்கான ஒப்பந்தப் புள்ளி அதே வாரம் வெளியானது. அதில் சாலையின் அகலம், விளக்குக் கம்பத்தின் உயரம் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கிறது. ஒப்பந்தக்காரர் முடித்துக் கொடுத்தபின் யார் பொறுப்பு என்ற இடத்தில் 'உரிய துறை' என்று இருக்கிறது.

உங்கள் நிருபர் அடுத்து எந்தப் பூங்காவுக்குப் போனாலும், போன மாதத்தின் மின்னழுத்தப் பதிவையும் சுத்திகரிப்பு நிலையத்தின் தினசரிப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்தால் அச்சிடுங்கள். இல்லை என்றால், இல்லை என்று அச்சிடுங்கள். விரிவாக்க ஒப்பந்தப் புள்ளிக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு முடிவதற்குள் இந்தக் கடிதம் வெளிவந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும். பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மெஷினிங் யூனிட் உரிமையாளர்